இறக்கைக்கு அடியில் செம்மண்

அத்தியாயம் 6

வைத்தீஸ்வரன் தீப்பெட்டியைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தார். கொண்டைக்கடலை அளவில் மூன்று மண்கட்டிகள் உருண்டுபோய் பஞ்சாபகேசனின் காபி டம்ளரில் முட்டி நின்றன.

"என்னைக் கொல்லப் பார்த்திருக்கான் சார். இதுதான் ஆயுதம்."

துப்பறியும் தொழிலுக்கு வந்த பத்தொன்பது வருடத்தில் பஞ்சாபகேசன் கத்தியைப் பார்த்திருக்கிறார், எலி மருந்தைப் பார்த்திருக்கிறார், ஒருமுறை இட்லிக் கொப்பரையைக்கூட ஆயுதமாகப் பார்த்திருக்கிறார். மண்ணைப் பார்த்ததில்லை. மாட்டுங்காவில் பூக்கடைகளுக்கு மேலே, முதல் மாடியில் அவருடைய ஆபீஸ். முன்னறையில் தொழில், பின்னறையில் குடித்தனம். குடித்தனம் என்றால் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். வருகிறவர்களுக்கு இன்னொரு டம்ளர் வாங்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே அவருக்கு ஐம்பத்தேழு வயதாகிவிட்டது.

"மண்ணால கொல்லணும்னா ஆளைத் தோண்டிப் பொதைக்கணும்லா சார்? இது ஒரு எலிக்கே காணாதே" என்றாள் முருகம்மாள்.

முருகம்மாள் அவருடைய உதவியாளர். தாராவி லேபர் கேம்ப் வாசி. நாற்பத்து நான்கு வயது, ஒரு ஸ்கூட்டர், யாருக்கும் அடங்காத வாய். ஒன்பது வருடமாக அந்த வாயைச் சகித்துக்கொண்டு பஞ்சாபகேசன் தொழில் நடத்துகிறார் என்று ஊரில் சொல்வார்கள். அந்த வாய் இல்லாவிட்டால் தொழிலே இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

வைத்தீஸ்வரன் சிரிக்கவில்லை. செம்பூரில் அளவுமானிகள் செய்யும் பட்டறை வைத்திருந்து, அதை விற்றுவிட்டு ஓய்வில் இருப்பவர். மனைவி கிடையாது, பிள்ளை கிடையாது. ஒரு விமானம் உண்டு. நான்கு இருக்கை, ஒரே எஞ்சின், ஐம்பது வயதான சொந்த விமானம். ஜூஹு ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு ஷெட்டில் நிற்கிறது.

"எங்க கேம்ப்ல சொந்தமா தண்ணிக் குழாய் இருந்தாலே அவன் பெரிய ஆளு" என்று முருகம்மாள் முணுமுணுத்தாள்.

பஞ்சாபகேசனுக்கு அவரை முன்பே தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஸ்ஸில் வைத்தீஸ்வரன் சாப்பிட உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கூட நின்று கேட்பார். இன்று அலிபாக் வரை போனேன், மேகம் தாழ்ந்திருந்தது, கடல் இலை நிறத்தில் இருந்தது என்று அவர் அளந்துகொண்டே இருப்பார். பக்கத்து மேஜையில் தனியாக ரசம் சாதம் பிசைந்தபடி பஞ்சாபகேசனும் அலிபாக் போய் வருவார்.

"இடது இறக்கைக்கு அடியில ஒரு சின்னக் குழாய் இருக்கும்" என்றார் வைத்தீஸ்வரன். "விமானத்தோட மூக்குன்னு வெச்சுக்கோங்கோ. அதுல காத்து நுழைஞ்சாத்தான் வேகம் காட்டற முள் நகரும். போன ஞாயித்துக்கிழமை ஓடுதளத்துல முழு வேகத்துல ஓடறேன். முள் படுத்த படுக்கையா கிடக்கு. என்ன வேகம்னு தெரியாம மேல தூக்கினா நேரா கடல்தான். கடைசி நிமிஷத்துல எஞ்சினைக் குறைச்சு பிரேக்கை மிதிச்சேன். வேலிக்குப் பத்தடி முன்னாடி நின்னுது. மெக்கானிக் வந்து பார்த்தா மூக்குல மண்."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்லை. வெயிலுமுத்து."

ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறவன், ஆறு வருடமாக விமானத்தைக் கழுவித் துடைக்கிறவன். அந்தக் குழாய்க்கு ஒரு துணி உறை உண்டு, பார்த்ததும் தெரிய சிவப்பு ரிப்பன் தொங்கும். அந்த உறை வெயிலுமுத்துவின் தகரப் பெட்டியில் ஒளிந்திருந்தது. ஓடுதளத்து மண் கறுப்பு. சிவப்பு மண் இருப்பது வெயிலுமுத்து வளர்க்கும் மிளகாய்த் தொட்டியில் மட்டும். சம்பவம் நடந்த ஞாயிறன்று பார்த்து அவன் லீவு.

"கேட்டேன். 'ஆமா, உறையை நான்தான் எடுத்தேன்'ங்கறான். ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான். நாலு மணிக்குப் புகார் எழுதிக் கொடுக்கப் போறேன். நோக்கம் என்னன்னு இன்ஸ்பெக்டர் கேக்கறார். அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்." அவர் குரல் இறங்கியது. "வாரத்துல நான் நாலு வார்த்தை பேசறது அவனோடதான் சார். அவன் போய் இப்படிப் பண்ணிட்டானே."

முருகம்மாள் ஒரு மண்கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தாள். பிறகு கேட்டாள்: "அந்த முத்து வீட்டுல யாராவது மாசமா இருக்காவளா சார்?"

வைத்தீஸ்வரன் பஞ்சாபகேசனைப் பார்த்தார். இந்த அம்மாளுக்குப் புத்தி சரியில்லையா என்று கண்ணாலேயே கேட்டார்.

"பொண்ணுக்கு வளைகாப்புன்னுதான் லீவு போட்டிருந்தான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்கு" என்றாள் முருகம்மாள், மண்கட்டியைத் தீப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்தபடி.

தாராவியில் வெயிலுமுத்துவின் வீட்டுக்கு இரும்பு ஏணி ஏறிப் போக வேண்டும். பத்துக்குப் பத்து அறை. சுவரோரம் மகள் மாரிசெல்வி கை நிறையக் கண்ணாடி வளையலும் ஏழு மாத வயிறுமாக உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. அப்பாவை இன்றைக்குப் போலீஸ் கூப்பிடும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அழுது முடித்த முகம்.

"உறையை எடுத்தது தப்புதான்" என்றார் வெயிலுமுத்து. ஐம்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, நரைத்த மீசை. "கேஸ் போட்டா போடட்டும். வேற என்னத்தச் சொல்லச் சொல்லுதிய?"

"போலீஸ் ஸ்டேஷன்னா கல்யாண வீடுன்னு நெனச்சியளோ அண்ணாச்சி, தேங்காபழம் குடுத்து அனுப்ப? பிளேன்ல கை வச்சான்னு எழுதிட்டான்னா பேத்தி காலேஜுக்குப் போற வரைக்கும் வெளிய வர முடியாது, பாத்துக்கிடுங்க" என்றாள் முருகம்மாள்.

வெயிலுமுத்து நிமிர்ந்தார். "பேத்தின்னு யாரு சொன்னா?"

"மண்ணு சொல்லிச்சு. செம்மண்ணுலா?"

அந்த மனிதர் முகத்தில், அத்தனை கலக்கத்திலும், ஒரு சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சாபகேசனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முருகம்மாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"குளவிக்கூடு சார் இது. எங்க பக்கம் வீட்டுல குளவி கூடு கட்டிச்சுன்னா ஒருத்தரும் கலைக்க மாட்டாவ. அந்த வீட்டுல பிள்ளை உண்டாவும்னு அர்த்தம். களிமண்ணுல கட்டினா பையன், செம்மண்ணுல கட்டினா பொட்டப்பிள்ளை. மூக்குல மண்ணை அடைச்சது மனுசன் இல்ல. குளவி."

"இந்த வீட்டுக்குக் குளவி வராது சார்" என்றார் வெயிலுமுத்து. "எங்க வரும்? காத்தே வராதுலா. காலைல ஏழு மணில இருந்து நான் இருக்கிற எடம் அந்த ஷெட்டுதான். மழை முடியிற நேரம், ஒருநா உறையைக் கழட்டி வச்சிட்டு, பிளேனைத் தொடைச்சிட்டு வந்து பாக்கேன். குழா வாயில குளவி மண்ணு வச்சிக்கிட்டு இருந்திச்சு. எம்மவளுக்கு அப்பம் அஞ்சு மாசம். அதுக்கு முன்னால ரெண்டு தங்காமப் போச்சு. எப்படிக் கலைப்பேன்? உறையை மாட்டினா நசுங்கிப் போவும்னு பெட்டியில போட்டேன். மிளகாத் தொட்டியக் காயவிடாம தண்ணி ஊத்தினேன். அங்க இருந்துதான் அது மண்ணு எடுத்திச்சு."

பஞ்சாபகேசன் தலையாட்டினார். மூன்று சாட்சியமும் ஒரே மூச்சில் கவிழ்ந்துவிட்டன. ஆனால் ஒன்று இடித்தது.

"ஆறு வருஷமா அந்த விமானத்தோட இருக்கேள். மூக்கு அடைச்சா ஆள் உயிருக்கு ஆபத்துன்னு தெரியாதா? உங்க பேத்திக்காக அவர் உயிரைப் பணயம் வெப்பேளா?"

வெயிலுமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "அத மட்டும் கேக்காதிய சார்."

"அப்பா, சொல்லித் தொலையேன்ப்பா!" என்றாள் மாரிசெல்வி.

அவர் சொல்லவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது, இருந்தும் ஒரு மனிதன் வாயை மூடிக்கொள்கிறான் என்றால் அவன் காப்பாற்றுவது வேறு யாரையோ. பஞ்சாபகேசன் தீப்பெட்டியைத் திறந்து பெரிய கட்டியைக் கையில் எடுத்தார். நடுவில் பென்சில் குத்தியது போல ஒரு வட்டமான ஓட்டை இருந்தது.

"முருகம்மா, இந்த ஓட்டை?"

"குஞ்சுக்குளவி வெளிய வந்த வழி சார். உள்ள இருந்து தொளைச்சிருக்கு, பாருங்க. பக்கத்து ரூம்ல குடியிருந்தது இன்னும் காலி பண்ணல போல, இந்தக் கட்டி மூடியே இருக்கு."

"கட்டி முடிச்சு, குஞ்சு வெளில வர எத்தனை நாளாகும்?"

"ஒரு மாசம். கூடவும் ஆவும்."

பஞ்சாபகேசன் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஸ்ஸில் கேட்ட இலை நிறக் கடல் அவருக்கு ஞாபகம் வந்தது. மனசுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"டாக்ஸி பிடி" என்றார். "அண்ணாச்சியும் நம்மளோட வரட்டும்."

ஷெட் கதவு திறந்திருந்தது. சொந்த விமானம் என்றதும் பஞ்சாபகேசன் மனதில் கட்டி வைத்திருந்த படம் அங்கே சுருங்கிப் போயிற்று. வெள்ளை உடம்பில் நீலக் கோடு போட்ட, இறக்கை முளைத்த ஒரு சின்னக் கார். அவ்வளவுதான்.

"காலி பீலி டாக்ஸி மாதிரி கறுப்பும் மஞ்சளுமா பெயின்ட் அடிச்சா தாதர் ஸ்டேஷன்ல சவாரி எடுக்கலாம்" என்றாள் முருகம்மாள்.

அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அவர்களை உள்ளே விட்ட வைத்தீஸ்வரனின் முகம் கறுத்திருந்தது. "இவனை எதுக்கு அழைச்சுண்டு வந்தேள்? மணி மூணேகால்."

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. ஞாயித்துக்கிழமை தவறாம பறக்கறேள், இல்லையா?"

"தவறாம."

"போன மாசம்?"

"நாலு வாரமும். மழை விட்டதும் ஆரம்பிச்சுட்டேன். நீங்கதான் மெஸ்ஸில கேட்டுண்டு இருந்தேளே!"

"கேட்டேன்" என்றார் பஞ்சாபகேசன். மண்கட்டியைக் காட்டிக் குளவிக் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். "இந்தக் கூடு ஒரு மாசத்துக்கு மேல பழசு. அப்படின்னா போன மாசம் நாலு வாரமும் மூக்கு அடைச்சேதான் இருந்துது. நாலு தடவையும் அந்த முள் படுத்தேதான் கிடந்திருக்கும். போன ஞாயித்துக்கிழமைதான் முதல் தடவையா பார்த்தேன்னு சொல்றேள்."

வைத்தீஸ்வரன் கையிலிருந்த அனுமதிச் சீட்டை மடித்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ சார். கொஞ்ச நாளா இந்த விமானத்துலேருந்து பறந்து போனது அந்தக் குளவிக்குஞ்சு ஒண்ணுதான்."

வெளியே ஏதோ ஹெலிகாப்டர் கிளம்பும் சத்தம். அது அடங்கியதும் வைத்தீஸ்வரன் இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வருஷமாச்சு" என்றார். "நானும் பிரம்மநாயகமும் சேர்ந்து வாங்கினது இது. செம்பூர்ல என் பட்டறைக்கு எதிர்ப்பட்டறை அவனோடது. இருபத்தோரு வருஷம் ரெண்டு பேருமாத்தான் பறந்தோம். ஓட்டற கை என்னோடது, ரேடியோ அவனோடது. கன்ட்ரோல் டவர்ல எல்லாருக்கும் அவன் குரல்தான் தெரியும். போன வருஷம் போயிட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்தேன். எஞ்சினைப் போட்டேன். ரேடியோவை அமுக்கினேன். எனக்குப் பேச்சு வரலை. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு அணைச்சுட்டேன். மெஸ்ஸில 'இன்னிக்கு எங்க போனேள்'னு கேட்டா. அலிபாக்னு சொல்லிட்டேன். அடுத்த வாரமும் கேட்டா."

"வேற யாரையாவது கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாமே சார்?" முருகம்மாளின் குரலில் கேலி இல்லை.

"எல்லாரும் ஒரு தடவை வருவாம்மா. போட்டோ எடுத்துப்பா. ரெண்டாவது தடவைக்கு யாருக்கும் நேரம் இருக்காது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன ஞாயித்துக்கிழமை அவனுக்கு வருஷாப்தி. அன்னிக்காவது மேல போகணும்னு தோணித்து. ஒரு வருஷம் பறக்காதவன் முதல்ல பயிற்சி கொடுக்கறவரோட ஏறணும். அதையும் மீறித்தான் போனேன்."

அப்போதுதான் வெயிலுமுத்து பேசினார். "சார் வாரத்துக்கு ஒருமட்டம் வந்து எஞ்சினைப் போட்டு உக்காந்திருந்துட்டுப் போயிருவாவ. பறக்க மாட்டாவன்னு தெரிஞ்சுதான் கூட்டை விட்டேன். பறக்கிறவுகளா இருந்தா குளவி என்ன, கருடனே வந்து கட்டினாலும் கலைச்சிருப்பேன். அன்னைக்கு மட்டும் நான் இல்லாமப் போயிட்டேன்."

"இதை ஏண்டா என்கிட்ட சொல்லலை? நானே நாலு தடவை கேட்டேனே!"

"சொன்னா சார் பறக்கலன்னுலா சொல்லணும்" என்றார் வெயிலுமுத்து. "ஊரே நீங்க பறக்குதியன்னு நம்புது. அத நான் போயி எப்படி ஒடைப்பேன்?"

வைத்தீஸ்வரன் அவரையே பார்த்தார். தான் ஜெயிலுக்கு அனுப்ப நாள் குறித்த ஆள், ஒரு வருடமாகத் தன் பொய்யைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். வெட்கம் என்றால் என்ன என்று அறுபத்தாறு வயதில் அவருக்குப் புதிதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பஞ்சாபகேசன் விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் துப்பறிகிறவனின் புத்தி நூல் முழுதும் அவிழாமல் சும்மா இருக்காது.

"இன்னும் ஒண்ணு பாக்கி. கடலை அளவு மண், குழாய் வாயில, செக்கச் செவேல்னு. குனிஞ்சா தெரியும். கிளம்பறதுக்கு முன்னாடி சுத்தி வந்து பார்க்க மாட்டேளா?"

"பார்க்காம எப்படி ஏறுவேன்? அது பால பாடம்னா! ஒரு ஆணி விடாம பார்த்தேன்."

"அன்னிக்குப் பார்த்த மாதிரியே இப்ப ஒரு தடவை பாருங்கோ."

வைத்தீஸ்வரனுக்குக் கோபம்கூட வந்தது. வாலிலிருந்து ஆரம்பித்தார். வாலின் மடிப்பை ஆட்டிப் பார்த்தார். வலது பக்கமாக வந்தார். வலது இறக்கையைத் தடவி, அடியில் குனிந்து, டாங்கில் குச்சி விட்டுப் பெட்ரோல் பார்த்து, வலது சக்கரத்தை உதைத்து, முன்னால் வந்து புரொபெல்லரை விரலால் நீவினார். கையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"ஆச்சு."

முருகம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "சார், பாதி பிளேனைத்தான் பாத்திருக்கிய."

"என்னம்மா உளறற?" என்றவர் திரும்பி இடது இறக்கையைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"எங்களுக்குள்ள ஒரு பழக்கம்" என்றார். "நான் உக்கார்றது இடது பக்கம், அவன் வலது பக்கம். தன் பக்கத்துக் குறை தனக்குத் தெரியாதும்பான் நாயகம். அதனால அவன் பக்கத்தை நான் பார்ப்பேன், என் பக்கத்தை அவன் பார்ப்பான். ரெண்டு பேரும் புரொபெல்லர் கிட்ட வந்து சேருவோம். 'சரி'ம்பான். 'சரி'ம்பேன். ஏறுவோம்." "என் பக்கத்தைப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லை சார். ஒரு வருஷமா என் பக்கத்தைப் பார்க்க ஆளே இல்லை. அதுகூட எனக்குத் தெரியலை."

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவருடைய போன் ஒலித்தது. இன்ஸ்பெக்டர்.

"நோக்கம் தெரிஞ்சுடுத்து" என்றார் வைத்தீஸ்வரன் போனில். "புகார் வேண்டாம். ஆமாம், தப்பு நடந்தது வாஸ்தவம். என் பேர்லதான்." வைத்துவிட்டு வெயிலுமுத்துவைப் பார்த்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் நாக்கு தேடியது, கிடைக்கவில்லை. "முத்து, இடது பக்கத்தைக் கொஞ்சம் பாரேன்."

வெயிலுமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். வாலிலிருந்து ஆரம்பித்து, கழுவித் துடைத்தே ஒவ்வொரு ஆணியும் பழகிய கையால் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார். சக்கரத்தை உதைத்தார். குழாயின் அடியில் முழங்காலிட்டு ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். தகரப் பெட்டியிலிருந்து சிவப்பு ரிப்பன் உறையை எடுத்து வந்து மாட்டினார். புரொபெல்லர் பக்கம் வந்து நின்றார்.

"சரி சார்."

வைத்தீஸ்வரன் முகத்தைப் புரொபெல்லர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. முருகம்மாள் பஞ்சாபகேசனின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

ஆறரை மணிக்குப் பஞ்சாபகேசன் பின்னறையில் தனியாக இருந்தார். கீழே பூக்கடைக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல சமையல் கேஸ் மூடியிருக்கிறதா, பின்கதவுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்தார். முப்பது வருடமாக அவரே பார்க்கிறார். தன் பக்கத்துக் குறை தனக்குத் தெரியாது என்று பிரம்மநாயகம் சொன்னாராமே. அவர் பார்க்காமல் விட்ட பக்கம் எது என்று யார் வந்து சொல்வது? டம்ளரில் காலையில் குடித்த காபியின் கறை காய்ந்திருந்தது. போனை எடுத்து முருகம்மாளைக் கூப்பிட்டார்.

"வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாச்சா?"

மறுமுனையில் ஸ்கூட்டர் ஹாரன் சத்தம் கேட்டது.

"என்ன சார், நெஞ்சு கிஞ்சு வலிக்கா?"

"அதெல்லாம் இல்லை. சும்மாத்தான் கேட்டேன்."

"ஒம்பது வருசத்துல நீங்க சும்மா ஒண்ணும் கேட்டது இல்லியே. மாட்டுங்கா சர்க்கிள்லதான் நிக்கேன், வண்டியத் திருப்புதேன். காபி போட்டு வைங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டாள். பஞ்சாபகேசன் அடுப்பில் பாலை வைத்தார். ஒற்றை டம்ளரைக் கழுவினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு அடுப்பைச் சின்னதாக்கி, சட்டையை மாட்டிக்கொண்டு, பாத்திரக்கடை மூடுவதற்குள் இன்னொரு டம்ளர் வாங்கக் கீழே இறங்கினார்.